புழுங்கலரிசி நிறத்தில் ஒரு வீடு

லாத்தார் நெடுஞ்சாலை 2011இல் திறக்கப்பட்டதிலிருந்து, கோலாலம்பூர்க்காரர்களுக்குக் கோலசிலாங்கூர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்வரும் தூரமாகிவிட்டது. காலையில் கிளம்பினால் புக்கிட் மெலாவத்தியில் வெள்ளிமுடிக் குரங்குகளைப் பார்த்து, பாசிர் பெனாம்பாங்கில் மீன் சாப்பிட்டு, இருட்டியதும் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். நானும் பலமுறை அப்படிப் போய்வந்தவள்தான். இந்த முறை போனது மின்மினிக்காக அல்ல. கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான் வழியாகப் பெஸ்தாரி ஜெயா வரைக்கும், தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய நம்மவர்களின் வீடுகளுக்குள் போய்ச் சுவர்களைப் பார்த்துவிட்டு வந்தேன்.

காரணம் ஓர் அழைப்பு. வானொலியில் நான் நடத்தும் காலை நிகழ்ச்சியில், "நடு ரூம் பகல்லயே இருட்டா கெடக்கு. என்ன சாயம் அடிச்சா வெளிச்சமா இருக்கும்?" என்று ஒரு நேயர் கேட்டார். வானொலியில் நிறத்தைப் பற்றிப் பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவது மாதிரி. ஆனாலும் அன்றைக்கு வந்த அழைப்புகள் நிகழ்ச்சி முடிந்த பிறகும் ஓயவில்லை. பாதிப் பேர் வெள்ளை என்றார்கள். மீதிப் பேர், "வெள்ளை அடிச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்றார்கள். பெஸ்தாரி ஜெயாவில் என் பெரியம்மாவின் வீட்டு நடு அறையும் அதே கதைதான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அடுத்த இரண்டு வார இறுதிகளை அந்தப் பக்கம் கழித்தேன்.

வெள்ளை என்றால் என்ன என்று பார்க்க, முதலில் புக்கிட் மெலாவத்தி ஏறுங்கள். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து அல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்த கோட்டை இருந்த குன்று அது. அந்தப் பெயர் இன்று அங்குள்ள கலங்கரை விளக்கத்துக்கு நிலைத்துவிட்டது. விளக்கம் பளிச்சென்ற வெள்ளை. கடலில் வெகுதூரத்தில் இருக்கும் கப்பலுக்கும் தெரியவேண்டுமே. உச்சி வெயிலில் அதன் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், ஐந்து விநாடிக்கு மேல் முடியாது. கண் தானாகச் சுருங்கும். கப்பலுக்கு நல்லது. ஆனால் அதே வெள்ளையை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் அடித்துவிட்டு, அதன் கீழே உட்கார்ந்து பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது வேறு விஷயம்.

ஆஃப் ஒயிட் என்று கடைகளில் சொல்வது இந்த வெள்ளைக்குத் தங்கை. பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிவைத்தால் புரிந்துவிடும். இரண்டையும் நாம் வெள்ளை என்றுதான் சொல்வோம். ஆனால் புழுங்கலில் ஒரு துளி மஞ்சள், ஒரு துளி பழுப்பு இருக்கும். சாயக்கடை இயந்திரமும் அதைத்தான் செய்கிறது. வெள்ளைச் சாயத்தில் சில சொட்டு மஞ்சளோ சிவப்போ கறுப்போ விடுகிறது. எந்தச் சொட்டு கூடுகிறதோ, அந்த நிறம் சுவரில் மெல்ல எட்டிப்பார்க்கும். ஐவரி, வனிலா, மக்னோலியா, லினன் என்று அட்டையில் எத்தனை அழகான பெயர் இருந்தாலும் உள்ளே நடப்பது இவ்வளவுதான்.

இந்த ஊர்களில் வெள்ளைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. சிமெண்டுச் சுவர் வைத்த லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, ஒட்டுவதற்கு உப்போ கஞ்சியோ சேர்த்து, கடைசியில் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கலப்பார்கள். சுண்ணாம்பின் மஞ்சளை அந்த நீலம் மறைத்துவிடும், சுவர் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். இன்றைய இயந்திரம் வெள்ளையில் மஞ்சளைச் சொட்டுகிறது, அன்றைய கை நீலத்தைச் சொட்டியது. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது என்பதால் பூஞ்சையும் பூச்சியும் எளிதில் அண்டாது. காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கல்லாக இறுகிவிடும். ஆனால் தொட்டால் கையில் ஒட்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வெள்ளையாகிப்போன பள்ளிச் சட்டை முதுகு கட்டாயம் ஞாபகம் இருக்கும்.

பலகை வீட்டு லயங்களில் கதை வேறு. மண்ணெண்ணெய் விளக்கும் விறகடுப்பும் சுவரைக் கறுப்பாக்கிக்கொண்டே இருக்கும். பெரியம்மா சொல்வதைக் கேளுங்கள்: "நிர்வாகம் எந்தச் சாயம் குடுத்துச்சோ அதான். எல்லா வீட்டுக்கும் ஒரே கலரு. நமக்கு ரோஸ் கலரு புடிக்கும்னு யாருகிட்ட போய்ச் சொல்றது?" தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று நாட்டில் 1966இல் ஒரு சட்டம் வந்தது. 1990இல் அதன் இடத்தில் இன்னொரு சட்டம் வந்தது. ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். அப்படிப்பட்ட வீட்டின் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் ஆசை யாருக்கு வரும்? தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த முதல் தலைமுறை கிளிப்பச்சை, ரோஸ், வான்நீலம் என்று அடித்துத் தீர்த்ததைப் பட்டணத்துப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிப்பதில்லை. வாழ்நாளில் முதன்முறையாக அவர்களே தேர்ந்தெடுத்த நிறம் அது.

இந்த வட்டாரத்து வெளிச்சத்தையே மாற்றியது ஒரு மரம். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. (பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. நம் ஊரில் இப்படித்தான்.) அவரே பின்னாளில் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் நட்ட செம்பனை மெதுவாக ரப்பரின் இடத்தைப் பிடித்தது. ரப்பர் மரம் ஆண்டுக்கு ஒருமுறை இலையைக் கொட்டும். பிப்ரவரி, மார்ச்சில் லயம் முழுக்க வெயில் விழும் என்று பெரியம்மா இன்னும் சொல்வார். செம்பனை அப்படி மொத்தமாக இலை உதிர்க்காது. ஆண்டு முழுக்க அடர்ந்த பச்சைக் கூரை. அதனால் தோட்ட ஓரத்து வீடுகளின் ஜன்னலில் வரும் வெளிச்சம் வெறும் வெளிச்சமல்ல, பச்சை கலந்த வெளிச்சம். இதை மறந்துவிட்டுச் சாயம் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பெரியம்மா வீடு பெஸ்தாரி ஜெயாவில், வரிசை வீடுகளில் நடு வீடு. 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த ஊர்தான். பெரியம்மாவுக்கு இன்றைக்கும் அது 'பத்தாங்'தான். வரிசை வீடு என்றால் உங்களுக்குத் தெரியும்: இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னல் முன்னாலும் பின்னாலும் மட்டுமே. கட்டியவர்கள் நடுவில் ஒரு சின்னத் திறப்பு விட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் தெறிக்கிறது என்று அதை மூடியாயிற்று. பின்னால் சமையலறையை நீட்டியபோது பின் ஜன்னல் போனது. முன்னால் காருக்குத் தகரக் கூரையை வாசல் கேட் வரை இழுத்தபோது முன் ஜன்னலும் பாதி போனது. இது பெரியம்மா வீட்டுக் கதை மட்டுமல்ல. நான் போன வீடுகளில் முக்கால்வாசி இப்படித்தான். வெளிச்சத்தை நாமே ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, கடைசியில் சாயத்திடம் போய் நிற்கிறோம்.

போன ஆண்டு தம்பி, அதாவது பெரியம்மாவின் மகன், கைபேசியில் காணொளி பார்த்து ஹாலுக்கும் நடு அறைக்கும் கரும் சாம்பல் நிறம் அடித்தான். பார்க்க அழகுதான், பொய் சொல்லக்கூடாது. படமெடுத்தால் ஹோட்டல் மாதிரி இருந்தது. ஆனால் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் பெரியம்மா, தட்டையும் நாரையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். "பகல்லயே லைட்டு போடாம மல்லி எது, மொட்டு எதுன்னு தெரியல. கரண்டு பில்லு யாரு கட்டுறது?" வாசலில் வெயில் ஏறினால் அன்றைய வேலை நின்றுவிடும். எழுபதைத் தாண்டிய கண். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகும், பாவை சிறுக்கும். அறுபது வயதுக் கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும் தம்பி பார்க்கும் அறையும் பெரியம்மா பார்க்கும் அறையும் ஒன்றல்ல.

தம்பி பொறியியல் படித்தவன். அவனிடம் 'அம்மாவுக்காக' என்று சொல்வதைவிடக் கணக்குச் சொன்னால் கேட்பான். சாய நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தருகின்றன. விழும் வெளிச்சத்தில் எவ்வளவைச் சுவர் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு அது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. கரும் சாம்பல் சுமார் 10, நல்ல ஆஃப் ஒயிட் சுமார் 80. அறையின் மூலைக்கு வெளிச்சம் நேராகப் போவதில்லை, சுவருக்குச் சுவர் மோதித்தான் போகிறது. ஆஃப் ஒயிட் சுவரில் முதல் மோதலில் 80 விழுக்காடு மிஞ்சும், இரண்டாவதில் 64, மூன்றாவதில் 51. சாம்பலில் முதல் மோதலிலேயே 10, அடுத்ததில் 1. அதற்குப் பிறகு எண்ணவே தேவையில்லை. தம்பி ஒரு நிமிடம் சும்மா இருந்தான். பிறகு, "அப்ப முழு வெள்ளையே அடிச்சிரலாமே அக்கா?" என்றான்.

நியாயமான கேள்வி. எண்ணை மட்டும் பார்த்தால் முழு வெள்ளைதான் ஜெயிக்கும். அதனால்தான் கூரைக்கு வெள்ளையே அடிக்கவேண்டும் என்பது என் கட்சி. அங்கே யாரும் கை வைப்பதில்லை, முறைத்துப் பார்ப்பதும் இல்லை. சுவர் அப்படியல்ல. நம் வீடுகளில் பெரும்பாலும் மாட்டுவது 'டேலைட்' விளக்கு, 6500 கெல்வின். அந்த விளக்கில் முழு வெள்ளைச் சுவர் நீலம் பாய்ந்து தெரியும். நேயர்கள் ஆஸ்பத்திரி என்று சொன்னது அதைத்தான். மேலும் சாமி விளக்குப் புகை, ஊதுபத்தி, பிள்ளைகள் கை, வாசல் தூசி எல்லாம் ஆறே மாதத்தில் வெள்ளைச் சுவரில் எழுதிவிடும். புழுங்கலரிசி நிறம் இதையெல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மங்கல் பளபளப்பு உள்ள, துடைக்கக்கூடிய வகையாக வாங்கினால் இன்னும் நல்லது.

பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி இருக்கும் குளங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய இடங்கள். ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கருமணலை 'அமாங்' என்பார்கள். அதில் இல்மனைட் என்ற தாது இருக்கும். இன்றைய சாயங்களை வெள்ளையாக்கும் டைட்டானியம் டையாக்சைடு இல்மனைட்டிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. வெளிச்சத்தை வளைப்பதில் அது வைரத்தையே மிஞ்சும். அதனால்தான் மெல்லிய பூச்சே பழைய நிறத்தை மறைக்கிறது. கறுப்பு மணலிலிருந்து வெள்ளை. இதை வானொலியில் சொன்னபோது ஒரு நேயர் நம்பவே மாட்டேன் என்றுவிட்டார்.

நிறம் தேர்ந்தெடுக்கக் கோலசிலாங்கூர் பழைய டவுனில் ஒரு சாயக்கடைக்குப் போனோம். கடைக்காரர் சீனர். பால்மரத் தோட்டங்களுக்குச் சரக்குக் கொண்டுபோன அப்பாவிடமிருந்து தமிழ் கற்றவர், நம்மில் சிலரைவிடச் சரளமாகப் பேசுவார். "தங்கச்சி, வெள்ளையில எத்தன வெள்ளை வேணும்?" என்று சிரித்துவிட்டு, அட்டையை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். "கடை லைட்டுல பாத்து எடுக்காதீங்க. மூணு சின்ன டின் கலந்து தர்றேன். பெரிய அட்டையில ரெண்டு கோட்டு அடிச்சி, வீட்டுல ஒட்டிப் பாருங்க. காலையில, மத்தியானம், ராத்திரி லைட்டு போட்டு." வியாபாரம் கெட்டுப்போகும் யோசனையை வியாபாரியே சொன்னால் கேட்டுவிடவேண்டும்.

மூன்று அட்டையையும் நடு அறையில் ஒட்டினோம். மஞ்சள் கூடியது, பழுப்புத் தரை ஓட்டின் நிறமும் சேர்ந்து, காலையிலேயே புளித்த மோர் மாதிரி ஆகிவிட்டது. சாம்பல் கலந்தது கடையில் மிக நாகரிகமாக இருந்தது. ஆனால் பின்பக்கத்துச் செம்பனையின் பச்சை வெளிச்சம் பட்டதும் பாசி பிடித்த சுவர் போலத் தெரிந்தது. ஒரு பொட்டு சிவப்பு கலந்த மூன்றாவதுதான், அந்தப் பச்சையைச் சமன்செய்து, புழுங்கலரிசியாகவே நின்றது. உங்கள் வீட்டில் விடை வேறாக இருக்கலாம். சிவப்பு சிமெண்டுத் தரை உள்ள வீட்டில் இதே சாயம் ரோஸாகத் தெரியும். மாலை வெயில் நேரே விழும் மேற்கு அறைக்குச் சாம்பல் கலந்ததே பொருந்தும். பெரியம்மா அட்டைகளைத் தள்ளி நின்று பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மல்லிகைச் சரத்தைப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவதில் பூவும் தெரிந்தது, காம்பும் தெரிந்தது. "இதான்" என்றார். முதல் தடவையாக அவர் வீட்டுச் சுவருக்கு அவர் சொன்ன நிறம்.

வேலை இரண்டு நாள். பின்சுவரின் கீழ்ப்பகுதியில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்திருந்தது. அதைப் பிளீச் கலந்த தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே சீலர் அடித்தோம். பூஞ்சையின் மேல் சாயம் அடித்தால் சில மாதத்தில் அது புள்ளி புள்ளியாக வெளியே வரும். பழைய சுண்ணாம்புச் சுவர் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: உதிரும் மாவைச் சுரண்டி எடுக்காமல், சீலர் இல்லாமல் அடித்தால் புதுச் சாயம் தோல் உரிவதுபோல் வந்துவிடும். அளவும் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் போகும். 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால், கதவு ஜன்னல் கழித்து இரண்டு பூச்சுக்கு ஏறக்குறைய 7 லிட்டர். கரும் நிறத்தின் மேல் அடிப்பதாக இருந்தால் மூன்றாவது பூச்சுக்கும் தயாராக இருங்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது.

திங்கட்கிழமை பெரியம்மா நடு அறையில் உட்கார்ந்து பூ கட்டினார். நாலு மணிவரை விளக்குப் போடவில்லை. தம்பி முன்கூரையில் இரண்டு தகரத்தை எடுத்துவிட்டு ஒளி ஊடுருவும் தகடு போட்டதற்கும் இதில் பங்குண்டு. எல்லாப் புகழையும் சாயத்துக்குக் கொடுக்கமாட்டேன். ஒரு சிக்கலும் வந்தது. ஹாலிலிருந்து சமையலறைக்கு இறங்கும் இடத்தில் ஒரு படி. முன்பு கரும் சுவர் அங்கே முடிந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது எல்லாம் வெளிர் நிறமாக, படி கரைந்துபோனது. பெரியம்மா கால் வைக்கத் தடுமாறினார். அன்றே படியின் விளிம்பில் அடர் பழுப்புப் பட்டை ஒட்டி, கதவு நிலைக்கும் கொஞ்சம் அடர்ந்த நிறம் கொடுத்தோம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வெளிச்சம் எவ்வளவு முக்கியமோ, எது எங்கே முடிகிறது என்று காட்டும் கோடும் அவ்வளவு முக்கியம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு, கம்போங் குவாந்தான் பக்கத்து ஆற்றோரத்தில் வீடு உள்ளவர்களுக்கு. பெரெம்பாங் மரத்து மின்மினிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ள இருட்டு வேண்டும். வீட்டு முகப்பில் இரவு முழுக்க எரியும் விளக்கு அவற்றுக்குத் தொல்லை. உள்ளே வெளிச்சம் போதவில்லையென்றால் சுவரைப் பாருங்கள். வாசலில் இன்னொரு விளக்கு மாட்டாதீர்கள்.

பெஸ்தாரி ஜெயாவுக்கு அப்பால் புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக், மேரி, நைகல் கார்ட்னர் தோட்டத்து மக்கள் இருக்கிறார்கள். 245 குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்ற அவர்களின் கோரிக்கை மிக நீண்ட காலம் இழுத்து, அண்மை ஆண்டுகளில்தான் அரசாங்க நிதி ஒதுக்கீடு வரை வந்தது. அங்கிருந்து வந்து பெரியம்மா வீட்டில் சாயம் பார்த்துவிட்டுப் போன ஓர் அக்கா, டின் மூடியில் எழுதியிருந்த கலவை எண்ணைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். "சாவி கையில வரட்டும், மொதல்ல இதத்தான் அடிப்பேன்." புது வீடு என்றால் சிமெண்டுப் பூச்சு காய ஒரு மாதமாவது விடச் சொல்லி, காரத்தைத் தாங்கும் சீலரையும் அதே தாளில் எழுதிக் கொடுத்தோம்.

எப்போது அடிப்பது என்பது கடைசிக் கேள்வி. நம் வழக்கம் தீபாவளிக்கு முந்திய வாரம். சிலாங்கூரில் அக்டோபர், நவம்பர்தான் மழை கொட்டும் மாதங்கள். சுவர் காயாது, பூச்சுக்குப் பூச்சு இடைவெளி கிடைக்காது, வேலையாளும் கிடைக்கமாட்டார். ஜூன், ஜூலை பொதுவாக மழை குறைந்த காலம். கோலசிலாங்கூர்க் கடைக்காரரும் அதையே சொன்னார். அக்டோபரில் அவர் கடையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்குமாம். ஜூலையில் போனால் உட்காரச் சொல்லி, மூன்று சின்ன டின்களைப் பொறுமையாகக் கலந்து தருவார்.